பெங்களூர்ல பழைய பட்டாளத்துக் கொடிகளைத் தேடி

வெள்ளிக்கிழமை

இந்தத் தடவை பெங்களூர் வந்தது லால்பாக் சுத்தவோ கல்யாணத்துக்கோ இல்ல. 1800கள்ல இங்க இருந்த ரெஜிமென்ட்களோட கொடி, கொடிக்கம்பத்து முனை, ஈட்டில கட்டுற சின்னக் கொடி, கொடியோட நிக்கிற சிப்பாய்ங்க போட்டோ, இப்படி எது எங்க இருந்தாலும் கண்ணால பார்க்கணும், நியாயமான விலைக்குக் கிடைச்சா வாங்கணும், அவ்வளவுதான் வேலை. காட்பாடில வண்டி ஏறி கன்டோன்மென்ட் ஸ்டேஷன்ல இறங்கினேன், அல்சூர்ல சித்தப்பா வீட்ல தங்கல். சித்தப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற ராணுவப் பொறியாளர் படைல ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர், அந்தப் படைல இருக்கறவங்களை எல்லாரும் 'தம்பி'ன்னு தான் கூப்பிடுவாங்க, அவருக்கு எழுபது தாண்டியும் அல்சூர் டீக்கடைல அவர் இன்னும் தம்பி தான்.

ஏன் பெங்களூர்னா, 1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த அப்புறம் அங்க நிறுத்தி வச்ச பட்டாளத்துக்கு கொசுவும் காய்ச்சலும் தாங்கல, 1809ல கன்டோன்மென்ட்டை இங்க கொண்டு வந்து போட்டாங்க. வந்தது மெட்ராஸ் ஆர்மி. சிப்பாய்ங்க பின்னாடியே சமையல்காரங்க, துணி வெளுக்கறவங்க, தையல்காரங்க, கொத்தனாருங்கன்னு தமிழ் பேசுற குடும்பங்க ஏராளமா வந்து அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தங்கிட்டாங்க. அதனால லண்டன் ஏலத்துல வர்ற பெரிய பட்டுக் கொடி இங்க கிடைக்காட்டியும், அந்தக் கொடிக்குக் கீழ நடந்தவங்க வீட்டு டிரங்குப் பெட்டி இந்தத் தெருக்கள்ல தான் இருக்கும்ங்கறது என் நம்பிக்கை.

வேலூர்ல வளர்ந்தவனுக்கு இந்த விஷயம் சும்மா வரல. 1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடி கோட்டைக்குள்ள சிப்பாய்ங்க எழுந்தப்போ, அவங்க மேல ஏத்தினது திப்புவோட புலிவரிக் கொடி. நெத்தில விபூதி நாமம் கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகை போடுன்னு உத்தரவு போட்டதுல வந்த கோபம் அது, ஆனா கோபம் வந்த உடனே அவங்க கை போனது ஒரு கொடிக்குத் தான், அதை நான் சின்ன வயசுல இருந்தே யோசிச்சிட்டு இருக்கேன். ஆற்காட்ல இருந்து கில்லஸ்பிங்கற பிரிட்டிஷ் அதிகாரி குதிரைப்படையோட வந்து சில மணி நேரத்துல எல்லாத்தையும் அடக்கிட்டான், கலகம் பண்ண பட்டாலியன்களை அப்புறம் கலைச்சே விட்டாங்க. ஒரு படையைக் கலைச்சா அதோட நம்பர் போச்சு, கொடியும் போச்சு.

ராத்திரி சாப்பிடும்போது சித்தப்பா கசம் பரேடு பத்தி சொன்னார். பயிற்சி முடிஞ்ச பசங்க கொடி முன்னாடி, அவங்கவங்க சாமி புத்தகத்து மேல கை வச்சு சத்தியம் பண்ற நாள். "துணி தானேன்னு நினைப்பேடா, அது பக்கத்துல வரும்போது மயிர்க்கூச்செறியும்"னார். நான் அவருக்கு தென்னாப்பிரிக்கால நடந்த இசாண்ட்ல்வானா சண்டைக் கதை சொன்னேன், 1879 ஜனவரி 22, ஜூலுக்கள் பிரிட்டிஷ் முகாமை அழிச்ச அன்னிக்கு மெல்வில், காக்ஹில்னு ரெண்டு லெப்டினன்ட்டுங்க ராணிக் கொடியைக் காப்பாத்த குதிரைல ஓடி ஆத்தங்கரைல செத்துப் போனாங்க, கொடி அப்புறம் ஆத்துல கிடைச்சுது, இப்பவும் வேல்ஸ்ல ப்ரெக்கன் தேவாலயத்துல இருக்கு. சித்தப்பா ரொம்ப நேரம் பேசாம சாப்பிட்டுட்டு, "அந்தக் கொடி பக்கத்துல நம்மாளுங்க நின்ன சண்டைக்கு யாராவது இப்படிக் கதை எழுதினாங்களா"ன்னு கேட்டார். எழுதினது ரொம்ப கம்மி. அதனால தான் துணியைப் படிக்கணும்ங்கறேன்.

சனிக்கிழமை

காலைலயே சிவாஜிநகர். ரசல் மார்க்கெட் பின்பக்கம், மீனாட்சி கோயில் தெரு அந்தச் சுத்து வட்டாரம் முழுக்க பழைய சாமான், பித்தளை, கிராமபோன், கப்பல் விளக்குன்னு கடைங்க, பாதி பழசு, பாதி பழசு மாதிரி செஞ்சது. ஒரு கடைல 'ராணுவக் கொடி இருக்கா'ன்னு கேட்ட உடனே உள்ள இருந்து பாலித்தீன் கவர்ல சுத்தின ஒண்ணை எடுத்துட்டு வந்தார் கடைக்காரர், பெரியவர், நல்ல மனுஷன். "1857 சார், அஸ்ஸாயே ரெஜிமென்ட், ஒரிஜினல் சில்க்." விலை 45,000.

விரிச்சா பார்க்க அம்சமா தான் இருந்துச்சு. மூலைல யூனியன் ஜாக், நடுவுல யானை, யானை மேல அஸ்ஸாயேன்னு எழுத்து, அதுக்கு மேல கிரீடம், கீழ வி ஆர் ஐ. கொடியைப் படிக்கறவன் முதல்ல பார்க்க வேண்டியது இந்த மாதிரி எழுத்தும் கிரீடமும் தான். வி ஆர் ஐ-ல கடைசி எழுத்து சக்கரவர்த்தினிங்கறதுக்கு, விக்டோரியா அந்தப் பட்டத்தை எடுத்தது 1876ல, டெல்லில தர்பார் வச்சு அறிவிச்சது 1877 ஜனவரி 1. அப்போ 1857 கொடில அது வர வாய்ப்பே இல்ல. கிரீடத்தோட வளைவும் நடுவுல பள்ளமா இறங்காம குவிமாடம் மாதிரி உருண்டு இருந்துச்சு, அது பொதுவா 1901க்கு அப்புறம் எட்வர்ட் காலத்துல இருந்து வந்த கிரீடம். யானை மட்டும் சரி. 1803 செப்டம்பர் 23 மராட்டியரோட நடந்த அஸ்ஸாயே சண்டைக்கு யானைச் சின்னம் கொடுத்தது நிஜம், 74ஆம், 78ஆம் ஹைலாண்டர்ஸுக்கும் 19ஆம் லைட் டிராகூன்ஸுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க அதுக்குன்னே தனியா ஒரு கொடி கொடுத்ததும் நிஜம், அன்னிக்கு அவங்க கூட நின்னு செத்த மெட்ராஸ் சிப்பாய்ங்களோட ரெஜிமென்ட்டுங்களும் யானையைச் சின்னமா வாங்கினாங்க. இன்னிக்கு மெட்ராஸ் ரெஜிமென்ட் தொப்பில இருக்கற யானை அந்த வழி வந்தது.

"பாய், டார்ச் அடிச்சுப் பார்க்கட்டுமா?"ன்னு கேட்டேன். "தாராளமா அடிங்க"ன்னு கடை ஷட்டரை பாதி இறக்கி இருட்டாக்கிக் கொடுத்தார். புற ஊதா (யூவி) டார்ச் வெளிச்சத்துல துணி மங்கலா இருந்துச்சு, ஆனா தையல் நூல் பளீர்னு நீல வெள்ளையா எரிஞ்சுது, சோப்பு பவுடர்ல போடற அதே வெண்மை கெமிக்கல், அது துணிக்கும் நூலுக்கும் வந்ததே 1940க்கு அப்புறம் தான். ஓரத்தைத் திருப்பினா உள்பக்கம் ஓவர்லாக் தையல், நம்ம சுடிதார் உள்ள இருக்கும் பாருங்க அதே தான். பழுப்பு நிறமும் டீத்தண்ணில முக்கி எடுத்த மாதிரி எல்லா இடத்துலயும் ஒரே சீரா இருந்துச்சு. நிஜமா நூறு வருஷம் மடிச்சு வச்ச பட்டு அப்படி மங்காது, வெளில தெரிஞ்ச பக்கம் வெளுத்திருக்கும், உள்ள மடிஞ்ச பக்கம் நிறம் நிக்கும், மடிப்பு மேல வரிசையா கிழிஞ்சிருக்கும்.

பெரியவர் கிட்ட ஒவ்வொண்ணா காட்டினேன், அவர் கோவிச்சுக்கல, கண்ணாடி போட்டுட்டு வந்து அவரும் பார்த்தார், சினிமா ஷூட்டிங் சாமான் வாடகைக்கு விடற ஒருத்தர் கிட்ட மொத்தமா எடுத்த லாட்ல வந்ததுன்னு சொன்னார். இனிமே ஷூட்டிங் கொடின்னே சொல்லி விக்கறேன்னார், அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. நாடகக்காரங்களுக்கு அது நல்ல கொடி தான்.

பட்டு பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா நிறைய பேர் பழசு ஆக ஆகத் தான் நைஞ்சு போகும்னு நினைக்கறாங்க. உண்மைல 1820ல நெய்த பட்டு சில சமயம் 1890 பட்டை விட நல்லா இருக்கும். பட்டுல இருக்கற கோந்தை எடுத்தா எடை குறையும், அந்த எடையை ஈடு கட்ட 19ஆம் நூற்றாண்டு பின்பாதில தகரம், இரும்பு உப்புங்களை ஏத்தினாங்க, கைல எடுத்தா கனமா சரசரன்னு இருக்கும், ஆனா அந்த உப்பே நாளாக நாளாக இழையை அரிச்சு, தொட்டா சில்லு சில்லா உடையற நிலைக்குக் கொண்டு வந்துடும். அப்படி உடையற கொடியை கண்ணாடிக்குள்ள தொங்க விட்டா அதோட எடையே அதைக் கிழிச்சிடும். பழைய கொடியைத் தொங்க விடறது, இஸ்திரி போடறது, லேமினேட் பண்றது, வெட்டி பீஸ் பீஸா விக்கறது, இதெல்லாம் பார்த்தா எனக்கு நெஞ்சே பதறும்.

மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் மழை, வேற கடை போக முடியல.

ஞாயிறு

சண்டே பஜாருக்கு விடியக்காலைல போகணும், எட்டு மணிக்கு மேல போனா நல்லது எல்லாம் போயிருக்கும். அவென்யூ ரோடு, பி வி கே ஐயங்கார் ரோடு அந்தப் பக்கம் தார்ப்பாய் விரிச்சு செருப்பு, மிக்ஸி ஜார், பழைய போன், பூட்டு, சாவி, புத்தகம்னு கொட்டி வச்சிருப்பாங்க. ஒரு அம்மா முன்னாடி பழைய போட்டோ குவியல், கல்யாண போட்டோ, பாஸ்போர்ட் சைஸ், அதுல அடில ஒரு தடி அட்டைல ஒட்டின பழுப்பு போட்டோ. மூலை ரெண்டு போயிருந்துச்சு, கரையான் லேசா அரிச்சிருந்துச்சு. தலைப்பாகை கட்டின சிப்பாய்ங்க ரெண்டு வரிசை, நடுவுல நாற்காலில ஆபீசருங்க, பின்னாடி ரெண்டு கொடி குறுக்கா சாய்ச்சு வச்சிருந்தாங்க. அந்தம்மா 800 சொன்னாங்க, 350க்குக் கொடுத்தாங்க.

வீட்டுக்கு வந்து லென்ஸ் வச்சு உக்காந்தேன், மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கல. காலாட்படை ரெஜிமென்ட்டுக்குப் பொதுவா ரெண்டு கொடி, ஒண்ணு ராஜா இல்ல ராணிக் கொடி, யூனியன் ஜாக் மேல நம்பர், இன்னொண்ணு ரெஜிமென்ட்டுக் கொடி, சட்டைக் காலர் நிறத்துல இருக்கும், அதுல தான் ஜெயிச்ச சண்டைப் பேரெல்லாம் வரும். போட்டோல கம்பத்து முனையைப் பார்த்தேன். ஈட்டி முனை இல்ல, கிரீடத்து மேல நிக்கிற சிங்கம். அப்போ 1858க்கு அப்புறம், அதுக்கு முன்னாடி ஈட்டி முனை தான். கொடி ஓரத்துல குஞ்சம் தெரியுது, அதுவும் 1858ல வந்தது. அடுத்து அளவு. நூற்றாண்டு ஆரம்பத்துல இந்தக் கொடிங்க ஆறரை அடிக்கு ஆறு அடி, காத்துல நின்னா தூக்கற பையனையே சாய்ச்சிடும், 1855ல கொஞ்சம் குறைச்சாங்க, 1858ல நாலு அடி ஆக்கினாங்க, 1868ல 3 அடி 9 அங்குலம் நீளம், 3 அடி உயரம்னு நிறுத்தினாங்க. போட்டோல பக்கத்துல நிக்கிற ஹவில்தாரோட தோள்ல இருந்து முழங்கால் வரைக்கும் கூட கொடி வரல, சின்னக் கொடி தான், அதனால இது 1868க்குப் பின்னாடி எடுத்ததுன்னு அடிச்சுச் சொல்லலாம்.

இவ்வளவையும் பார்த்துட்டு கடைசியா தான் முகங்களைப் பார்த்தேன். வலது கோடில ஒருத்தர், ஒல்லியா, காதுல கடுக்கன், கேமராவைப் பார்க்காம கொடியை அண்ணாந்து பார்த்துட்டு நிக்கறார். வேலூர் பஸ் ஸ்டாண்ட்ல தினமும் பார்க்கற முகம். அவர் பேரு அட்டைல இல்ல, ஆபீசருங்க பேருக்கு மட்டும் கீழ மையில எழுதின தடம் இருக்கு, அதுவும் அழிஞ்சு போச்சு.

சாயங்காலம் எம் ஜி ரோடு கோடில இருக்கற டிரினிட்டி சர்ச்சுக்குப் போனேன், 1851ல பட்டாளத்துக்காகக் கட்டின சர்ச். சுவர் முழுக்க செத்துப் போன ஆபீசருங்களோட பளிங்குக் கல்வெட்டு, எங்க செத்தான், காய்ச்சல்லயா குண்டுலயான்னு எழுதி இருக்கும். பிரிட்டிஷ்காரங்க வழக்கம் என்னன்னா, கொடி பழசானா அதை சர்ச்ல கொண்டு போய் ஒப்படைச்சுடுவாங்க, கூரைல இருந்து தொங்கும், தானா உதிர்ற வரைக்கும். இங்கிலாந்துல பல பழைய கொடி அப்படி சிலந்தி வலை மாதிரி தொங்கிட்டு இருக்கு. சண்டைல பிரிட்டிஷ் ரெஜிமென்ட் கொடி பிடிச்சுட்டுப் போன கடைசித் தடவை 1881 ஜனவரி 28, தென்னாப்பிரிக்கால லேங்ஸ் நெக், 58ஆம் ரெஜிமென்ட். துப்பாக்கி தூரம் கூடிடுச்சு, கொடி தூக்கினவன் குறி ஆயிட்டான். அதுக்கு அப்புறம் கொடி பரேடுக்கு மட்டும் தான்.

திங்கள்

சித்தப்பாவோட பழைய பட்டாளத்து நண்பர் ஒருத்தர் சொல்லி, மர்ஃபி டவுன்ல ஒரு வீட்டுக்குப் போனோம். ஓட்டு வீடு, வாசல்ல துளசி மாடம், உள்ள ஒரு ஆயா, எண்பது வயசுக்கு மேல, கூட பேரன். ஆயாவோட தாத்தா மெட்ராஸ் லான்சர்ஸ்ங்கற ஈட்டிக் குதிரைப்படைல தஃபேதாரா, அதாவது ஹவில்தார் மாதிரி பதவில, இருந்தவராம். மெட்ராஸ் குதிரைப்படைங்களுக்கு லான்சர்ஸ்னு பேரு மாற ஆரம்பிச்சது 1886ல, 1903ல மறுபடி லைட் கேவல்ரி ஆக்கிட்டாங்க, அதனால இந்தப் பேரு குடும்பத்துல தங்கி இருக்குன்னாலே காலம் ஓரளவு தெரிஞ்சிடும்.

ஆயா பூஜை ரூம்ல இருந்து ஒரு தகர டிரங்குப் பெட்டியைக் கொண்டு வரச் சொன்னாங்க. உள்ள ஒரு பழைய வேட்டித் துணி மூட்டை, அதுக்குள்ள ஒரு ஈட்டிக் கொடி. மேல சிவப்பு, கீழ வெள்ளை, நுனி மீன் வால் மாதிரி ரெண்டாப் பிரிஞ்சது. மூங்கில் ஈட்டி நுனிக்குக் கீழ கட்டறது, வரிசையா குதிரைங்க வரும்போது பார்த்தா கண்ணுக்கு அது தான் முதல்ல தெரியும்.

கையைக் கழுவித் துடைச்சுட்டு தான் தொட்டேன். கம்பளி நூல்ல நெய்த மெல்லிசு துணி, வெளிச்சத்துல பிடிச்சா சல்லடை மாதிரி. சிவப்பும் வெள்ளையும் சேர்ற இடத்துல கைத்தையல், ஒரு அங்குலத்துக்கு எட்டு ஒன்பது தையல், சீரா வந்துட்டே இருந்து ஒரு இடத்துல மட்டும் நூல் தடிமன் மாறுது, அங்க யாரோ பிரிஞ்சதை வேற நூல் போட்டுத் தச்சிருக்காங்க, அது தையல்காரர் தையல் இல்ல, அவசரத்துல போட்ட தையல். கம்பத்துப் பக்கம் தோல் வைச்சு ஓட்டை போட்டிருக்கு, ஒரு ஓட்டைல நாடா இன்னும் முடிச்சோட இருக்கு. வெள்ளைப் பகுதில பூச்சி அரிச்ச ஓட்டைங்க. சிவப்புல ஒரு பக்கம் திட்டுத்திட்டா வேற சிவப்பு, முகர்ந்து பார்த்தா குங்குமம்.

"ஆயுத பூஜை அன்னிக்கு எடுத்து வச்சு பொட்டு வைப்போம் கண்ணு, எங்க அம்மா காலத்துல இருந்தே"ன்னாங்க ஆயா. டார்ச் அடிச்சேன், நூல் எதுவும் எரியல. வாங்கணும்னு மனசு அடிச்சுக்கிச்சு, கேட்டும் பார்த்தேன், "ஆயா, கொடுக்கற எண்ணம் இருந்தா சொல்லுங்க, நல்ல விலை தரேன்". அவங்க சிரிச்சுட்டு, "அவரு பென்ஷன் பணத்துல தான் இந்த வீடு, இதை எப்படிப்பா விக்கறது"ன்னாங்க. அதுக்கு மேல கேக்கறது தப்பு. என் அலமாரில இருந்தா அது ஒரு ஈட்டிக் கொடி, அங்க இருந்தா அது ஒரு ஆளோட கொடி.

பென்ஷன் பேப்பரும் பெட்டில இருந்துச்சு, பேரன் படிச்சுக் காட்டினான், ஓரம் உதிருது. அந்தப் பேப்பர் இல்லாம அந்தக் கொடிக்குப் பாதி உயிர் தான், ரெண்டையும் பிரிக்கவே பிரிக்காதீங்கன்னு சொன்னேன். கொடில சண்டைப் பேரு எதுவும் கிடையாது, ஈட்டிக் கொடில எழுத மாட்டாங்க. ஆனா மெட்ராஸ் ரெஜிமென்ட்டுங்க வாங்கின பேருங்கள்ல கர்நாடிக், சோளிங்கர் ரெண்டும் உண்டு. சோளிங்கர்னு நான் சொன்ன உடனே ஆயா கை எடுத்துக் கும்பிட்டாங்க, நரசிம்மர் கோயில் ஊராச்சே. 1781ல ஹைதர் அலியோட அங்க நடந்த சண்டைக்கு நூறு வருஷம் கழிச்சு, 1889ல தான் அந்தப் பேரை கொடில போட்டுக்க அனுமதி கொடுத்தாங்க. நம்ம ஊர்ப் பேரு இங்கிலீஷ் எழுத்துல பட்டுத் துணில தங்க நூல்ல நின்னுருக்கு, ஹைதர் பக்கமும் நம்ம ஜனம் செத்துச்சு, கம்பெனி பக்கமும் நம்ம ஜனம் செத்துச்சு.

செவ்வாய்

காலைல மறுபடி மர்ஃபி டவுன். வழில கடைல கஞ்சி போடாத மல் துணி ரெண்டு மீட்டர் வாங்கி, சித்தி கிட்ட கொடுத்து சோப்பு போடாம வெறும் தண்ணில ரெண்டு அலசு அலசி காய வச்சு எடுத்துட்டுப் போனேன். அந்துருண்டையை கொடி மேல நேரா போட்டிருந்தாங்க, அதை எடுத்துட்டோம். மடிக்காம, துணி சுத்தற அட்டைக் குழாய் மேல மல் துணியைச் சுத்தி, அதுக்கு மேல கொடியை விரிச்சு, வெளில இன்னொரு சுத்து. பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது, உள்ள ஈரம் நின்னுடும். தகரப் பெட்டி தரைல இருக்காம பலகை மேல, மழைக்காலம் முடிஞ்ச உடனே ஒரு தடவை திறந்து பூச்சி இருக்கான்னு பார்க்கணும். துவைக்கவே வேண்டாம், குங்குமத்தை எடுக்கவும் வேண்டாம், அதுவும் அந்தக் கொடியோட வரலாறு தான். இனிமே பொட்டை பெட்டி மேல வைக்கறோம்னு ஆயாவே சொன்னாங்க. பூச்சி ஓட்டையை சரி பண்ணணும்னா வீட்டுத் தையல் வேண்டாம், குமார கிருபா ரோட்ல சித்ரகலா பரிஷத்ல இன்டாக்னு பாரம்பரியத்தைக் காப்பாத்தற அமைப்போட பழம்பொருள் பாதுகாப்பு மையம் இருக்கு, அங்க கொண்டு போய்க் காட்டலாம்னு பேரன் கிட்ட சொல்லி இருக்கேன்.

பேரன் கேட்டான், "அண்ணா, நாளைக்கு யாராவது வெளிநாட்டுக்காரன் பெரிய காசு கொடுக்கறேன்னா?" அதுக்கு சட்டமே இருக்கு. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின இந்த மாதிரிப் பொருளை தனி ஆளு நாட்டை விட்டு வெளில அனுப்பவே முடியாது, உள்ள வியாபாரம் பண்றதுக்கும் லைசென்ஸ் வேணும். சேகரிக்கறவங்க பலர் இந்தச் சட்டத்தைத் திட்டுவாங்க. எனக்கு அது நியாயமாத் தான் படுது. போன நூற்றாண்டுலயே போனது போதும்.

கொடியோட நீளம், அகலம், வால் பிளவு, தையல் எண்ணிக்கை, ஓட்டை எங்க எங்கன்னு ஒரு படம் வரைஞ்சு, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, பென்ஷன் பேப்பரையும் படம் பிடிச்சு, தாத்தா பேரு, ஊரு, அவருக்குப் பொறந்தவங்கன்னு ஆயா சொன்னதை எல்லாம் அப்படியே தமிழ்ல எழுதி, ஒரு காப்பி பெட்டிக்குள்ள, ஒரு காப்பி பேரன் போன்ல. ஆயா ஒரு பேரை மறந்துட்டாங்க, அவங்க சின்ன தாத்தா பேரு, ராத்திரி ஞாபகம் வந்தா போன் பண்றேன்னாங்க. நாளைக்கு காலை வண்டி.